எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் கோலாலம்பூர்த் தமிழர்களின் கைப்பேசிகளில் அறிவிப்புகள் வந்து குவியும். இரதம் எந்தச் சாலை வழியாக வருகிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, தண்ணீர்ப் பந்தல் எங்கே, அன்னதானம் எந்த மண்டபத்தில், காவடிக்கு யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும் என்ற தகவல்கள் அத்தனையும் படமாகவே வருகின்றன. மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, ஒரு மூலையில் வேலவர், மறு மூலையில் நிர்வாகக் குழுவினரின் புகைப்படங்கள், நடுவில் நெருக்கி அடுக்கிய தமிழ் வரிகள். அந்தப் படம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றுகிறது, முகநூலில் ஏறுகிறது, கடைசியில் கோயிலின் அல்லது சங்கத்தின் இணையத்தளத்திலும் அப்படியே ஒட்டப்படுகிறது. அதன் கீழே ஒரு வரி எழுத்துகூட இருப்பதில்லை. கண்ணால் படிக்க முடிகிறவருக்கு அது அறிவிப்பு. கைப்பேசி வாசிக்கக் காதால் கேட்பவருக்கு அது 'படம்' என்ற ஒற்றைச் சொல். சில வேளைகளில் அதோடு கோப்பின் பெயராக நீண்டதோர் எண் வரிசையும் ஒலிக்கும்.

கோயில்கள், சங்கங்கள், சிறு கடைகள், தனியார் வகுப்புகள் ஆகியவற்றுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். எல்லாரும் பயன்படுத்தக்கூடிய தளம் வேண்டும் என்று நான் பேச்செடுத்தால், அதற்குப் பெரும் செலவாகுமே, தனித் தொழில்நுட்பம் வேண்டுமே என்றுதான் நிர்வாகக் குழுவினர் முதலில் தயங்குகிறார்கள். நம் தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரை அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை என்பதே என் அனுபவம். எழுத்தை எழுத்தாக வைத்து, அது எந்த மொழி என்பதைக் கணினிக்குச் சொல்லிவிட்டாலே வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி படிவங்களில் இருக்கிறது.

படமாக வைக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் யாரையும் குறை சொல்வது முறையாகாது. 1990களில் இணையத்தில் தமிழைப் படிக்க வேண்டுமானால் அந்தந்தத் தளத்துக்குரிய எழுத்துருவைத் தனியே இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று, எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளான குறியேற்றங்கள் பலவாக இருந்தன. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. எல்லாத் திரைகளிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று நினைத்தவர் அன்றைக்கு எழுத்தைப் படமாக்கிப் போட்டது நியாயமான முடிவுதான். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் தரத்தின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 வந்தபோது சாதாரண மேசைக் கணினியிலும் அந்தத் தமிழ் தெரியத் தொடங்கியது. இந்த மாற்றத்தில் நம் நகரத்துக்கும் பங்கு உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே உருவானது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இன்று மிக மலிவான கைப்பேசிகூடத் தமிழைப் பிழையின்றிக் காட்டுகிறது. படமாக்குவதற்கான காரணம் எப்போதோ மறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

பழைய எழுத்துருக்களின் மிச்சம் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. பல சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் மலர்களும் இன்றும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டு, பிடிஎஃப் கோப்புகளாகத் தளத்தில் ஏறுகின்றன. திரையில் அவை அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவையோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'அம்மா' என்ற சொல்லுக்குப் பின்னால் 'எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்' என்ற வரிசைதான் இருக்கிறது. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைத்தான் உச்சரிக்கும், தேடுபொறியும் அதைத்தான் பதிந்துகொள்ளும். இவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அந்த உழைப்பைக் கேட்டுப் பெறுவதற்கு நான் தயங்குவதில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகால அமைப்பின் வரலாறு எம், கே, அரைப்புள்ளியாகக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் நடந்து பழகியவர்களுக்கு வெள்ளைக் கோல் புதிதல்ல. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றோருக்குத் தொழில் கற்பிக்கும் கர்னி பயிற்சி மையமும் அங்கேதான். 2010 அக்டோபரில் லிட்டில் இந்தியா என்று அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்ட பகுதியும் அதே பிரிக்பீல்ட்ஸ்தான். பூக்கடைகள், புடைவைக் கடைகள், வாழையிலை உணவகங்கள், பார்வையற்றோர் பணிபுரியும் உடம்புப்பிடி நிலையங்கள் எல்லாம் சில நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த நகரத்தில் தமிழ் அதிகம் ஒலிக்கும் தெருக்களிலேயே பார்வையற்றோர் அதிகம் நடமாடுகிறார்கள். அப்படியிருந்தும் அவர்களில் ஒருவர்கூட வரமாட்டார் என்ற எண்ணத்தில் நம் தமிழ்த் தளங்கள் கட்டப்படுகின்றன. அங்கே தொழில் செய்யும் ஓர் அண்ணன், தாம் கைப்பேசியைப் பயன்படுத்தும் விதத்தை எனக்குப் பொறுமையாகக் காட்டித் தந்தார். டாக்பேக் என்ற திரைவாசிப்பானின் குரல், பழக்கமில்லாத என் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓட, அவர் விரலால் வலப்புறம் தள்ளித் தள்ளி ஒவ்வோர் உறுப்பாகக் கடந்து போனார். தம் குடும்பம் வழக்கமாகச் செல்லும் கோயிலின் தளத்துக்கு வந்ததும் 'படம், படம், படம்' என்று கேட்டது. "தம்பி, சாமி படத்த நீங்க பாருங்க, எனக்கு நேரத்த மட்டும் எழுதிப் போடச் சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அவருக்காகச் செய்யும் இந்த வேலை வேறொரு பெரிய கூட்டத்துக்கும் போய்ச் சேர்கிறது. மலேசியத் தமிழர்களில் கணிசமானோர் மலாய் வழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளிகளில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ்ச் செய்தி கேட்பார்கள், தேவாரம் பாடுவார்கள். ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் படித்த தாத்தாவின் பேரனாகவும் அவர் இருக்கலாம், குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்க வழி தேடும் இளம் தாயாகவும் இருக்கலாம். இவர்களுக்குத் தமிழ்த் தளத்தில் ஒன்றும் இல்லை என்று நாமே முடிவு செய்துகொண்டு, ஆங்கிலத்தில் நான்கு வரியை ஓரத்தில் வைத்துவிடுகிறோம். பக்கத்தில் உள்ள தமிழ் உண்மையான எழுத்தாக இருந்தால், உலாவியில் உள்ள உரக்க வாசிக்கும் வசதியை அழுத்தி அவர்கள் அதைத் தமிழிலேயே கேட்க முடியும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்ற பெயர்களில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் தமிழ்க் குரல் உண்டு. பார்வையற்ற அண்ணனுக்குத் திறக்கும் அதே பக்கம், எழுத்தறியாத பேரனுக்கும் அவன் தாய்மொழியிலேயே திறக்கிறது. இந்த நாட்டில் தமிழ்த் தளம் அமைக்கிறவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுதான் என்று நான் கருதுகிறேன். வேறெந்தக் காரணமும் சொல்லாமல் இதை மட்டுமே சொல்லி நிர்வாகக் குழுக்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

குரல் சரியாக வர வேண்டுமானால், பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று, இணையப் பக்கத்தை உருவாக்கும் ஹெச்டிஎம்எல் நிரலின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். 'லேங்' என்ற பண்பில் தமிழுக்கு 'டிஏ', மலாய்க்கு 'எம்எஸ்', ஆங்கிலத்துக்கு 'இஎன்' என்று எழுதும் சிறு குறிப்பு அது. நாம் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த வார்ப்புருக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் செய்யப்பட்டவை என்பதால், அந்த இடத்தில் 'இஎன்' என்றே இருக்கும். தமிழ் உள்ளடக்கத்தை நிரப்பிவிட்டு அதை மாற்றாமல் விட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைச் சந்திக்கிறது. சில கருவிகள் தாமே மொழியைக் கண்டுபிடித்துச் சமாளிக்கின்றன, சில அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகின்றன. நம் பக்கங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தலைப்பு தமிழில் இருக்கும், முகவரி மலாயில் இருக்கும், பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். ஜாலான் துன் சம்பந்தன் என்ற முகவரியை ஆங்கிலக் குரல் படித்துக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு சிதையும் என்று தெரியும். அந்தந்தத் துண்டுக்கு அந்தந்த மொழிக் குறிப்பைக் கொடுத்துவிட்டால் குரல் தானே மாறிக்கொள்ளும். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எல்லாரும் பயன்படுத்தக்கூடிய தளங்களுக்காக எழுதிய டபிள்யூசிஏஜி என்ற வழிகாட்டு நெறிகளில், பக்கத்தின் மொழியைக் குறிப்பது அடிப்படை நிலையிலும், பகுதிகளின் மொழியைக் குறிப்பது அதற்கு அடுத்த நிலையிலும் இடம்பெற்றிருக்கின்றன. 1999-இல் முதலில் வெளிவந்த அந்த நெறிகள் 2008-இல் முற்றிலும் திருத்தி எழுதப்பட்டன. 2018-இலும் 2023-இலும் விரிவாக்கப்பட்டன. மும்மொழியில் வாழும் நமக்காகவே எழுதியதுபோல் இந்த விதி அமைந்திருப்பதால், மற்றவற்றுக்கு முன்னால் இதைச் சரிசெய்கிறேன்.

காதால் படிப்பவர் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கேட்பதில்லை. பார்க்கிறவர் கண்ணை ஓட்டித் தலைப்புகளைத் தேடுவதைப் போல அவரும் தாவிச் செல்கிறார். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் 'ஹெச்' விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 'கே' விசையை அழுத்தினால் அடுத்த இணைப்புக்கும் போகலாம். ஆனால் அது தலைப்பு என்று நிரலில் குறித்திருந்தால்தான் இந்தத் தாவல் நடக்கும். சாதாரணப் பத்தியை எடுத்துத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கினால், பார்க்கிறவருக்கு அது தலைப்பு, விசைக்கு அது வெறும் பத்தி. இணைப்புகளில் இதைவிட மோசமான வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. 'பதிவுக்கு இங்கே சொடுக்கவும்', 'நன்கொடைக்கு இங்கே சொடுக்கவும்', 'படிவத்தைப் பெற இங்கே சொடுக்கவும்' என்று எழுதி, 'இங்கே' என்ற சொல்லில் மட்டும் இணைப்பைக் கொடுக்கிறோம். திரைவாசிப்பானில் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கிறவருக்கு 'இங்கே, இங்கே, இங்கே' என்று வரும். 'திருமுறை வகுப்புக்குப் பதிந்துகொள்ள' என்ற முழுத் தொடரையும் இணைப்பாக்கினால் சிக்கல் தீர்ந்தது. விரல் நடுங்கும் முதியவருக்கும் தொடுவதற்குப் பெரிய இடம் கிடைத்தது. வடிவமைப்பாளர் சிலர் நீண்ட இணைப்பு அழகைக் கெடுக்கிறது என்பார்கள். அந்த அழகை நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

நிறத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே நம் பண்பாடும் கண்ணும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. 2019-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அந்த விகிதம் அதைவிட அதிகம். நீரிழிவு கண்ணின் விழித்திரையைத் தாக்கும்போது, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள மெல்லிய வேறுபாடுகள்தாம் முதலில் மங்குகின்றன. நம் கோயில் தளத்தைத் திறக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் இப்படிப் பார்க்கிறார்கள் என்பதை இதிலிருந்தே உணரலாம். வழிகாட்டு நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. நாம் மங்கலமாகக் கருதும் தூய மஞ்சளில் தூய சிவப்பை எழுதினால் அது ஏறத்தாழ 3.7-தான் வருகிறது. காவி நிறப் பொத்தானில் வெள்ளை எழுத்து வைத்தால் 2-ஐச் சற்றே தாண்டுகிறது. இதைக் கேட்டதும் கோயில் தளத்தைச் சாம்பல் நிறமாக்கச் சொல்கிறேனோ என்று நிர்வாகத்தினர் கவலைப்படுகிறார்கள். தேவையே இல்லை. அந்தச் சிவப்பை அரக்குச் சிவப்பாக அடர்த்தியாக்கினால், அதே மஞ்சளின்மேல் வேறுபாடு 10-க்கு 1 ஆகிவிடுகிறது. மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருக்கின்றன. வெப்எய்ம் என்ற அமைப்பு 2024-இல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, 95.9 விழுக்காட்டுப் பக்கங்களில் தானியங்கிக் கருவியே கண்டுபிடிக்கக்கூடிய குறைகள் இருந்தன. மிக அதிகமாகக் காணப்பட்ட குறை இந்த மங்கலான எழுத்துதான்.

தமிழ் எழுத்தின் உருவமும் தனிக் கவனம் கேட்கிறது. 'ணை', 'ஞூ', 'ஸ்ரீ' போன்றவற்றுக்குள் இருக்கும் சுழிகள் ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மேலே புள்ளியும் விசிறியும் ஏறுகின்றன, கீழே 'கூ', 'தூ' ஆகியவற்றின் வால்கள் இறங்குகின்றன. ஆகவே வரிகளுக்கிடையில் தாராளமாக இடம் விட வேண்டும். ஆங்கில வார்ப்புருக்களில் எழுத்துகளை நெருக்கி வைக்கும் கட்டளை தலைப்புகளுக்கு இருக்கும்; தமிழில் அது எழுத்துகளை மோதவிடும் என்பதால் அதை நீக்கிவிடுகிறேன். சாய்வெழுத்தையும் தவிர்க்கிறேன். பொத்தான்களுக்கு உயரத்தை நிலையாக வரையறுக்கக் கூடாது. 'பதிந்துகொள்ளுங்கள்' என்ற ஒரே சொல் சிறிய திரையில், எழுத்தை இரு மடங்காகப் பெரிதாக்கியவரின் கைப்பேசியில், அடுத்த வரிக்கு இறங்குவதற்கு இடம் வேண்டும்.

படிவங்களுக்கு வருகிறேன். ஒரு தளத்தைப் படித்துவிட்டுப் போகிறவரைவிட, அதில் ஏதாவது செய்ய வந்தவர்தான் அதிகம் துன்பப்படுகிறார். அவர் துன்பத்தில் பெரும்பகுதி அவருடைய உடற்குறையால் வருவதில்லை. மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) என்று சாய்கோட்டோடு இருக்கும். அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள் என்று கேட்டுவிட்டு, எழுதியதும் 'செல்லாத குறியீடு' என்று சாய்கோட்டை நிராகரிக்கும் படிவங்களை இந்நாட்டுத் தமிழர் ஒவ்வொருவரும் சந்தித்திருப்பார். தமக்கு இல்லாத குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம் இன்னொன்று. தந்தை பெயரும் சேர்ந்து நீளும்போது இடம் போதாமல் பெயரை நடுவில் வெட்டிவிடும் படிவம் வேறொன்று. இவை சட்டப்படி மாற்றுத் திறனாளிகள் என்ற வகைக்குள் வராத இலட்சக்கணக்கானோரை நாள்தோறும் தடுக்கின்றன. தமிழர்களுக்காகத் தமிழர்களே செய்யும் தளங்களிலும் இவற்றைக் காணும்போது மனம் ஆறுவதில்லை. முழுப் பெயருக்கு ஒரே கட்டம், போதுமான நீளம், எந்தக் குறியீட்டுக்கும் தடை இல்லை. பெயருக்கு இதற்கு மேல் விதி தேவையில்லை.

அடையாள அட்டை எண்ணிலும் இதே கதைதான். பன்னிரண்டு இலக்கங்கள், முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி நான்கு. அட்டையில் இடைக்கோடுகளோடு அச்சாகியிருப்பதால் பலரும் அப்படியே தட்டுகிறார்கள். இடைக்கோட்டை ஏற்காத படிவம், காரணம் சொல்லாமல் கட்டத்தின் ஓரத்தைச் சிவப்பாக்கி நின்றுவிடுகிறது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு எதுவும் நடக்கவில்லை. காதால் கேட்பவருக்குப் பொத்தான் வேலை செய்யவில்லை. எல்லாம் தெரிகிறவருக்கும் என்ன தவறு என்று தெரியவில்லை. இடைக்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொண்டு, அதை நீக்கும் வேலையை நிரலிடம் விட்டுவிட வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரே வரி. பிழை நேர்ந்தால், 'அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் இருக்க வேண்டும், நீங்கள் எழுதியதில் 11 உள்ளன' என்று அந்தக் கட்டத்துக்கு அருகிலேயே எழுத்தில் சொல்லி, திரைவாசிப்பானின் கவனத்தையும் அங்கே கொண்டுவர வேண்டும். கட்டத்தின் பெயரை அதற்குள்ளேயே சாம்பல் நிறத்தில் எழுதி, தட்டத் தொடங்கியதும் மறையச் செய்யும் வழக்கத்தையும் நான் எதிர்க்கிறேன். பாதியில் தொலைபேசி அழைப்பு வந்து திரும்பி வருகிற முதியவருக்கு எந்தக் கட்டத்தில் எதை எழுதினோம் என்று தெரிவதில்லை. பெயர் கட்டத்துக்கு வெளியே, எப்போதும் தெரியும்படி, நிரலில் அந்தக் கட்டத்தோடு பிணைக்கப்பட்டு இருக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணுக்கு ஒரு நிமிடம் மட்டும் தரும் தளங்கள், திரைவாசிப்பானில் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் எண்ணைக் கேட்டு நினைவில் வைத்துத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று யாரிடமும் கேட்டிருக்கமாட்டா.

சட்டம் இங்கே இல்லாமல் இல்லை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் 30-ஆம் பிரிவு, தகவலையும் தொடர்புத் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையைச் சொல்கிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை மலேசியா 2010-இல் ஏற்று உறுதி செய்தது. மீறினால் தண்டனை என்ற பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லாததால், ஒரு தளம் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் அதை அமைப்பவரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. மனம் இருப்பவர்களும் சில வேளைகளில் திசை மாறிவிடுகிறார்கள். தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னம் ஒன்றை வைத்து, அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகவும் நிறம் மாறவும் செய்யும் துணைக்கருவிகளைப் பலர் வாங்கிப் பொருத்துகிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கத் தேவைப்படுகிறவர் அதைத் தம் கைப்பேசியிலேயே ஏற்கெனவே செய்துவைத்திருப்பார். படத்துக்குள் அடைபட்ட தமிழை அந்தச் சின்னத்தால் வெளியே கொண்டுவர முடியாது. பெயரில்லாத கட்டத்துக்கு அது பெயர் சூட்டாது. அந்தப் பணத்தை ஒரு தட்டச்சருக்குக் கொடுத்து, தளத்தில் உள்ள பட அறிவிப்புகளை எழுத்தாக்கச் சொல்லுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

காணொலிகளில் நம் நிலை வேறு விதமாகச் சிக்கலானது. சமயச் சொற்பொழிவு, பட்டிமன்றம், பள்ளி நிகழ்ச்சி என்று தளங்களில் காணொலிகள் பெருகிவிட்டன. வசன வரிகள் ஏறக்குறைய எதிலும் இல்லை. தமிழில் வரிகள் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்நாட்டில் செவித்திறன் குறைந்த தமிழ்ப் பிள்ளை, பினாங்கில் 1954-இல் தொடங்கப்பட்ட கூட்டரசுச் செவித்திறன் குறைந்தோர் பள்ளி போன்ற இடங்களில் மலாய் மொழியில் படித்து வளர்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கைவந்தது மலேசியச் சைகை மொழி, படிக்கத் தெரிந்தது மலாய். தன் குடும்பத்தார் கண் கலங்கக் கேட்கும் திருவாசகச் சொற்பொழிவில் என்ன சொல்லப்படுகிறது என்று அந்தப் பிள்ளை அறிய வேண்டுமானால் மலாய் வரிகள் வேண்டும். தமிழ் அமைப்பின் காணொலியில் மலாய் வரிகளா என்று முகம் சுளிப்பவர்களிடம் இதை நான் விளக்குகிறேன். வயதாகிக் காது மந்தமான பெரியவருக்குத் தமிழ் வரிகள், பேத்திக்கு மலாய் வரிகள். இரண்டையும் தனித்தனிக் கோப்புகளாக ஒரே காணொலியில் சேர்த்து, பார்ப்பவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குத் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. வேவ், லைட்ஹவுஸ் போன்றவற்றைத் தொடக்கத்தில் நானும் ஓட்டிப் பார்க்கிறேன். படத்தில் இருப்பதைச் சொல்லில் விளக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று அவை சொல்லும். அந்த உரை 'படம் 1' என்று இருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆகவே கையாலும் சோதிக்க வேண்டும். சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, தாவல் (டேப்) விசையை மட்டும் கொண்டு படிவத்தை முடிக்க முடிகிறதா, விசை எங்கே நிற்கிறது என்று காட்டும் கோட்டை வடிவமைப்பாளர் அழித்திருக்கிறாரா என்று பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இரண்டு ஒலி விசைகளையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்தினால் டாக்பேக் விழித்துக்கொள்ளும். திரையைப் பார்க்காமல் கோயிலின் நடை திறக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க முயலலாம். அதன் பிறகும், நாள்தோறும் அப்படி வாழ்கிற ஒருவரிடம் தளத்தைக் கொடுத்துப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. அவர் தடுமாறும் இடத்தில் உதவாமல் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். நல்லெண்ணத்துக்காக இலவசமாகச் செய்து கொடுப்பார் என்று எதிர்பார்ப்பதை நான் ஏற்பதில்லை. வடிவமைப்பாளருக்கும் நிரலருக்கும் ரிங்கிட் கொடுக்கிற விலைப்பட்டியலில் அவருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும், நான் தரும் விலைப்பட்டியல்களில் அது இருக்கிறது.

தளத்தை ஒப்படைத்துவிட்டு நான் விலகிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கடைசிக் கவலை. நிர்வாகம் மாறுகிறது, புதிய செயலாளர் வருகிறார், அவரிடம் மறுபடியும் படம்தான் வந்து சேர்கிறது. அறிவுரைக் குறிப்பேடு எழுதிக் கொடுப்பதால் பெரிய பயன் இல்லை. வேலை செய்கிற வழியிலேயே அது அமைந்திருக்க வேண்டும். ஆகவே அறிவிப்பு ஏற்றும் பக்கத்தில் நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், இடம், தொடர்பு எண் ஆகியவற்றுக்கான கட்டங்களை முதலிலும், படத்துக்கான இடத்தைக் கடைசியிலும் வைக்கிறேன். கட்டங்கள் நிரம்பாமல் அறிவிப்பு வெளியாகாது. படம் இல்லாமலும் வெளியாகும். நிரப்பிய விவரங்களைப் புலனத்தில் அனுப்பத் தகுந்த வரிகளாகப் படியெடுத்துத் தரும் பொத்தான் ஒன்றையும் அதன் கீழே சேர்த்துவிடுகிறேன். செயலாளர்களுக்குப் பிடித்துப்போனது அந்தப் பொத்தான்தான். ஒருமுறை தட்டச்சு செய்தால் தளத்துக்கும் குழுவுக்கும் சேர்ந்து முடிந்துவிடுகிறது, படம் செய்து தருகிற தம்பி வேலைக்குப் போயிருந்தாலும் அறிவிப்பு அன்றைக்கே ஏறிவிடுகிறது.